நீலகிரியிலிருந்து கவின் கலைக் கல்லூரிக்கு: போர்ட்ஃபோலியோவில் எதை வைப்பது, எதை விடுவது?

கேத்திவாசி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கேத்தி பாலாடாவுக்கு அருகில் வசிக்கிறோம். என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். சென்னையிலோ கும்பகோணத்திலோ உள்ள அரசு கவின் கலைக் கல்லூரியில்தான் சேர வேண்டும் என்று உறுதியாக இருக்கிறாள். வீட்டில் எங்கள் இருவருக்கும் ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது என்பதால் இங்கே கேட்கிறேன்.

இப்போது அவள் கையில் இருப்பவை பெரும்பாலும் பென்சில் ஷேடிங் முகங்கள்: நடிகர்கள், அப்துல் கலாம், பாரதியார், உறவினர் சிலர். எல்லாமே கைபேசியில் படத்தை வைத்துக்கொண்டு, தாளில் கட்டம் போட்டு வரைந்தவை. பார்ப்பவர்கள் அச்சு அசலாக இருக்கிறது என்று பாராட்டுகிறார்கள். கோவையில் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தபோது, சேர்க்கைக்குக் காட்டும் ஓவியத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைத் தாங்களே முழுமையாகத் தயாரித்துத் தருவதாகவும் அதற்குத் தனிக் கட்டணம் என்றும் சொன்னார்கள். அந்தப் பணத்தைச் செலவிடுவது தேவைதானா? இந்த முகங்களே போதுமா? ஒருவேளை இடம் கிடைக்காமல் போனால் நிஃப்ட், என்ஐடி போன்ற வடிவமைப்புக் கல்லூரிகளுக்கும் இதே கோப்பைப் பயன்படுத்தலாமா?

பெரியமேடு பழைய மாணவன்:

ஐயா, போர்ட்ஃபோலியோவை எல்லாக் கல்லூரிகளும் ஒரே மாதிரி எடைபோடுவதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. நம் அரசுக் கல்லூரிகளில் சேர்க்கையைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு, தேர்வுக் கூடத்தில் உட்கார வைத்து, அங்கேயே தலைப்பைக் கொடுத்து வரையச் சொல்லும் செய்முறைத் தேர்வுக்குத்தான். அங்கே கைபேசியும் இருக்காது, கட்டம் போட்ட படமும் இருக்காது. ஆகவே காசு கொடுத்து வாங்கிய கோப்பு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அந்தக் கூடத்தில் அது யாருக்கும் கைகொடுக்காது. நேர்காணல் வைக்கும் இடங்களிலும் ஆசிரியர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இதை எங்கே உட்கார்ந்து வரைந்தாய், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது?" என்று கேட்டால், வரைந்தவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள வேறுபாடு அரை நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

சென்னைக் கல்லூரியின் வரலாற்றைச் சற்று அறிந்தால் அங்கே எதை மதிக்கிறார்கள் என்பது புரியும். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. பிற்காலத்தில் அதன் முதல்வராக நெடுங்காலம் இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்ததுதான் மெரினாவில் நாம் பார்க்கும் உழைப்பாளர் சிலை. சென்னைக்குப் போகும்போது உங்கள் மகளை அந்தச் சிலையின் முன் சிறிது நேரம் நிறுத்திப் பாருங்கள். அந்த நால்வரில் எவருடைய முகமும் நம் நினைவில் நிற்பதில்லை. பாறையை நெம்பும்போது வளையும் முதுகும், தரையில் ஊன்றிய காலும், எடை எந்தப் பக்கம் விழுகிறது என்பதும்தான் நிற்கின்றன. ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் முற்றிலும் வேறு வழியில் சென்றவர். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமாக இருந்தவர். ஆனால் அந்த வழியில் சென்றவர்களுக்கும் அடித்தளம் கோட்டுப் பயிற்சிதான்.

ஆகவே என் கருத்து இதுதான்: அந்த முகங்களில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். மீதிப் பக்கங்கள் முழுவதும் அவள் நேரில் பார்த்து வரைந்தவையாக இருக்கட்டும். பயிற்சி மையத்திற்குக் கொடுக்க நினைக்கும் தொகையில் ஒரு பகுதிக்குக் கார்ட்ரிட்ஜ் தாளும், 2பி, 4பி, 6பி பென்சில்களும், கரித்துண்டும், ஒரு போஸ்டர் கலர் பெட்டியும் வாங்கினாலே ஓராண்டுக்குப் போதும்.

கோத்தகிரி ஓவிய ஆசிரியை:

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் "நேரில் பார்த்து வரை" என்று சொன்னால் பிள்ளைகள் உடனே உதகை ஏரியையும் படகையும் பொம்மை ரயிலையும் வரையத் தொடங்கிவிடுகிறார்கள். அவை சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் நீலகிரி. கடைகளில் அச்சிட்ட அட்டைகளாகவே கிடைக்கின்றன. நீங்கள் பாலாடாவில் இருக்கிறீர்கள். கேரட் கழுவும் இடத்தைவிடச் சிறந்த ஓவியக்கூடம் அந்தப் பெண்ணுக்கு எங்கே கிடைக்கும்? இயந்திர உருளை சுற்றுவதும், சேற்று நீர் வடிந்து ஆரஞ்சு நிறம் மெல்ல மெல்ல வெளிவருவதும், பூட்ஸ் அணிந்து மூட்டையைத் தோளுக்கு ஏற்றுபவரின் உடல் ஒரு பக்கம் சாய்வதும், லாரியில் மேலே நிற்பவர் குனிந்து வாங்குவதும் அங்கே ஒரு காலைப்பொழுதில் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒரே அசைவு மீண்டும் மீண்டும் வருவதால், முதல் முறை தவறவிட்ட கோட்டை அடுத்த முறை பிடித்துவிடலாம். ஒவ்வொரு உருவத்துக்கும் இரண்டு நிமிடத்திற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். அழிப்பானை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகட்டும்.

நினைவிலிருந்து வரைவதற்கும் பயிற்சி வேண்டும். சந்தை, பேருந்து நிலையம், திருவிழா போன்ற தலைப்புகளைக் கொடுத்து மனிதர்களைக் கூட்டமாக அமைக்கச் சொல்வது நுழைவுத் தேர்வுகளில் வழக்கம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் தலைப்பு, படுகர் மக்கள் கொண்டாடும் ஹெத்தையம்மன் பண்டிகை. கூட்டம் முழுவதும் வெள்ளை உடையில் இருக்கும், தாளும் வெள்ளை. அந்த நிலையில் ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்கு நிழலைத் தவிர வேறு வழியில்லை. முன்னால் நிற்பவரின் முண்டு மடிப்பில் விழும் சாம்பல் நிழலும், பின்னால் இருப்பவர்களை ஒட்டுமொத்தமாக ஒரே வெளிர்ச் சாயலில் அடக்குவதும் கைவந்துவிட்டால், வண்ணக் கூட்டத்தை வரைவது எளிதாகிவிடும்.

மலைப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நம் பாடநூல்களில் உள்ள, தொலைவைத் தாளில் காட்டக் கற்றுத்தரும் பெர்ஸ்பெக்டிவ் பாடம் சமதளத்தை வைத்து எழுதப்பட்டது. சாலை நேராகப் போய், நம் கண் உயரத்தில் குறுக்கே செல்லும் கண்மட்டக் கோட்டில் ஒரு புள்ளியில் முடியும். நம் ஊரில் சாலை ஒன்று ஏறும் அல்லது இறங்கும். இறங்கும் சாலையின் ஓரங்கள் சென்று சேரும் புள்ளி கண்மட்டக் கோட்டுக்குக் கீழே விழும். ஏறும் சாலையில் அந்தப் புள்ளி கோட்டுக்கு மேலே விழும். ஆனால் அதே சாலையோரத்து வீடுகளின் சன்னல்களும் கூரை விளிம்புகளும் படுக்கைவாட்டில் இருப்பதால் கண்மட்டக் கோட்டுக்கே போகும். இந்த இரண்டையும் கலந்து ஒரே புள்ளிக்குக் கொண்டுபோய், வீடுகள் எல்லாம் சரிந்து விழுவதுபோல வரையும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஒரு ஹட்டியின், அதாவது படுகர் ஊரின், மேற்புறம் உட்கார்ந்து, வரிசை வீடுகளின் கூரைகளை மேலிருந்து பார்த்து வரைந்த ஒரு தாள் கோப்பில் இருந்தால், இந்தப் பெண்ணுக்குக் கண் இருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

தொலைதூர மலைகளும் அப்படித்தான். அடுத்தடுத்த மலை வரிசைகள் தொலைவு கூடக் கூட வெளுத்து நீலம் பாய்வதற்கு, இடையில் உள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதே காரணம். இதைத் தினமும் பார்க்கும் பிள்ளைகள்கூட, தாளில் எல்லா மலைக்கும் ஒரே பச்சையைப் பூசிவிடுகிறார்கள்.

கூடலூர்க்காரன்:

இருவரும் சொல்வதில் எனக்குச் சிறிது மாறுபாடு உண்டு. படத்தைப் பார்த்து வரைவதை இவ்வளவு தாழ்வாகப் பேச வேண்டியதில்லை. வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு எத்தனை படிகள் இருக்கின்றன என்பதை நான் கற்றது புகைப்படங்களைப் பார்த்து வரைந்துதான். அசையும் மனிதரை வைத்து அதைக் கற்க முடியாது. மேலும் எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சூன் தொடங்கி ஆகஸ்ட் வரை வெளியே உட்கார்ந்து வரைய வழியே இல்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருக்கும் பிள்ளை மின்விளக்கின் கீழ் வேறு எதைத்தான் வரைவது? முடித்த தன்மை உள்ள படங்கள் ஒன்றுகூட இல்லாமல், வேகக் கோடுகளை மட்டும் காட்டினால், பொறுமை இல்லாத பிள்ளை என்றுதானே எண்ணுவார்கள்?

கோத்தகிரி ஓவிய ஆசிரியை:

தம்பி, முடித்த படங்கள் வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது சரி. வேகக் கோடுகள் மட்டுமே நிறைந்த கோப்பை நானும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் வெளிச்சத்தின் படிகளைக் கற்க நடிகரின் முகம் தேவையில்லை. மழைக்காலத்தில் லைன் வீட்டிலேயே கிடைப்பவற்றைப் பாருங்கள்: கொழுந்து கூடை, இடுப்பில் கட்டும் படங்கு, வாசலில் கழற்றிய ரப்பர் செருப்பு, நசுங்கிய அலுமினியப் போசி. ஒரே விளக்கை ஒரு பக்கத்தில் வைத்து, அந்தப் போசியையும் கூடையையும் அருகருகே நிறுத்துங்கள். அலுமினியத்தில் வெளிச்சம் வெட்டென்று பளிச்சிடும். பிரம்பில் அது உடைந்து உடைந்து பரவும். ஈரப் படங்கில் மடிப்பின் விளிம்பில் மட்டும் நிற்கும். மூன்று பொருள்களுக்கும் மூன்று விதமான பென்சில் பிடி வேண்டும். புகைப்படத்தில் கேமரா ஏற்கெனவே இந்த முடிவுகளை எடுத்துவிடுகிறது. நேரில் பார்க்கும்போது அவற்றைப் பிள்ளையே எடுக்க வேண்டும். அப்படி வரைந்த ஒரு ஸ்டில் லைஃப், அரை இம்பீரியல் அளவில், அதாவது 15க்கு 22 அங்குலத் தாளில், முழுமையாக முடிக்கப்பட்டு இருந்தால், உங்கள் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

பலர் என்னிடம் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் டிராயிங் லோயர், ஹையர் முடித்திருந்தால் கல்லூரியில் இடம் உறுதி என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். அது பள்ளி ஓவிய ஆசிரியர் பணிக்கான பாதையில் உதவும் தேர்வு. கை பழகும் என்பதைத் தவிர, நுழைவுத் தேர்வுக்கு மாற்று ஆகாது.

உதகை வடிவமைப்பு மாணவி:

கேத்திவாசி ஐயாவின் கடைசிக் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். நிஃப்ட் இளங்கலை வடிவமைப்புச் சேர்க்கைக்குப் பொது அறிவும் மொழித் திறனும் பார்க்கும் ஒரு தாள், படைப்புத் திறன் பார்க்கும் ஒரு தாள், அதன் பின் கையில் பொருள்களைக் கொடுத்து ஏதேனும் உருவாக்கச் சொல்லும் சிச்சுவேஷன் டெஸ்ட் என்று போகும். என்ஐடியில் முதல்நிலைத் தேர்வும், அதில் தேறியவர்களுக்கு ஸ்டுடியோ தேர்வு கொண்ட முதன்மைத் தேர்வும் உண்டு. இவற்றின் விண்ணப்பங்கள் பிளஸ் டூ பொதுத் தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கி முடிந்துவிடுகின்றன. "மார்க் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்த என் வகுப்புத் தோழிகள் அப்படித்தான் ஓராண்டை இழந்தார்கள். போர்ட்ஃபோலியோவைக் கட்டாயமாகக் கேட்பவை பெரும்பாலும் தனியார் வடிவமைப்புக் கல்லூரிகளும் வெளிநாட்டுக் கல்லூரிகளும்தான்.

கவின் கலைக்கான கோப்பை அப்படியே வடிவமைப்புக்கு அனுப்புவதும் சரிவராது. வடிவமைப்பில் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று நீங்கள் புரிந்துகொண்ட விதத்தைப் பார்க்க விரும்புகிறார்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரி, விண்ணப்பிப்பவர்களிடம் ஒரு மிதிவண்டியை வரைந்து அனுப்பும்படி பல ஆண்டுகள் கேட்டு வந்தது. சங்கிலி எந்தப் பல்சக்கரத்தில் ஓடுகிறது, கைப்பிடி எந்தக் குழாயில் நுழைகிறது என்று பார்க்காமல் மனத்தில் உள்ள மிதிவண்டியை வரைபவர்களின் வண்டி ஓடாது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். நம் மலையில் மிதிவண்டி அரிது. கொழுந்து வெட்டும் கத்தரியை வரையலாம். வெட்டிய இலை விழாமல் பிடித்துக்கொள்ள அதன் அலகோடு இணைத்திருக்கும் பெட்டியை மூன்று கோணங்களில் வரைந்து, எங்கே கை வலிக்கிறது என்று அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு, அதை எப்படி மாற்றலாம் என்று அதே பக்கத்தில் குறித்து வைத்தால், வடிவமைப்புக் கல்லூரிக்கு அது பத்து நடிகர் முகங்களைவிடப் பயன்படும்.

குன்னூர் சட்டக்கடை:

படங்களுக்குச் சட்டம் போடுவது என் தொழில் என்பதால், வரைவதைப் பற்றி அல்லாமல் வரைந்ததைக் காப்பாற்றுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் ஊர் ஈரம் தாளுக்குப் பகை. அலமாரியில் சுவரோடு ஒட்டி வைத்த படங்களில் பழுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்து என்னிடம் கொண்டுவருபவர்கள் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் உண்டு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கடுமை. படங்களைச் சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி, அட்டைக் கோப்பில் படுக்கவைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் கோப்பைத் திறந்து நிழலில் காற்றாட விடுங்கள். கரித்துண்டுப் படங்களுக்குக் கரி உதிராமல் பிடிக்கும் ஃபிக்சேட்டிவ் அடித்து, இடையிடையே பட்டர் பேப்பர் வையுங்கள். செய்தித்தாளை வைக்காதீர்கள், அதிலுள்ள அமிலம் நல்ல தாளையும் மஞ்சளாக்கும். ஈரமான நீர்வண்ணப் படத்தை நெருப்புச் சட்டிக்கு அருகில் காய வைத்தால் தாள் முறுக்கிக்கொள்ளும். எண்ணெய் வண்ணம் நம் குளிரில் உலர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், கடைசி மாதத்தில் அதைத் தொட வேண்டாம்.

இணையவழியில் படங்களை அனுப்ப வேண்டியிருந்தால், ஸ்கேன் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. பனிமூட்டமான பகல் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதால், ஓவியத்தைப் படமெடுக்க அதைவிட நல்ல விளக்கு இல்லை. திண்ணையில் படத்தைச் செங்குத்தாக நிறுத்தி, கைபேசியை அதன் நடுமட்டத்திற்கு நேராகப் பிடித்து, இரண்டடி பின்னால் சென்று சற்றே ஜூம் செய்து எடுத்தால் ஓரங்கள் வளையாது. ஃபிளாஷ் வேண்டாம். வீட்டுக்குள் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தால் வெள்ளைத் தாள் மஞ்சளாகிவிடும். பிறகு அதை ஃபில்டர் போட்டுச் சரிசெய்யப் போய், பென்சிலின் நயம் எல்லாம் போய்விடும்.

கொடைக்கானல் பிளஸ் டூ:

அண்ணா, அக்கா அனைவருக்கும் வணக்கம். எனக்கு ஓர் ஐயம். நான் மன்னவனூர்ப் பக்கம். என் தோழி ஒருத்தி உதகையில் தோடர் சமூகத்தைச் சேர்ந்தவள். அவளும் இந்த ஆண்டு விண்ணப்பிக்கிறாள். அவளுடைய பாட்டி செய்த பூத்துக்குளிப் போர்வை எம்பிராய்டரியைப் படமெடுத்துக் கோப்பில் வைக்கலாமா? நானும் அதன் வடிவங்களைப் பார்த்து வரைந்து என் கோப்பில் வைத்திருக்கிறேன். அது தவறாகுமா?

பெரியமேடு பழைய மாணவன்:

தங்கையே, தோடர் எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டிருக்கிறது; அது ஒரு சமூகத்தின் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கலை. பார்த்துக் கற்றுக்கொள்ள வரைவதில் பிழையில்லை. ஆனால் அந்த வடிவங்களை உன் சொந்த டிசைன் என்று கோப்பில் வைப்பது முறையாகாது. பக்கத்தின் கீழே "தோடர் எம்பிராய்டரியைப் பார்த்து வரைந்த பயிற்சி" என்று தெளிவாக எழுதிவிடு. உன் தோழியின் நிலை வேறு. பாட்டி செய்ததைப் பாட்டி செய்தது என்று எழுதி ஒரு பக்கம் வைக்கட்டும். அதற்கு அடுத்த பக்கத்தில் அவளே இழையெண்ணித் தைத்த ஒரு சிறு துண்டு இருக்கட்டும். முன்கூட்டிக் கோடு எதுவும் போடாமல், துணியின் இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாக ஊசி நடத்துகிறார்கள். அந்தக் கணக்கை அவள் விளக்கத் தொடங்கினால் நேர்காணலில் கேள்வி கேட்பவர்களே கேட்டுக்கொண்டிருப்பார்கள். சென்னைக் கல்லூரியில் ஜவுளி வடிவமைப்புக்குத் தனித் துறையே இருப்பதையும் அவளுக்குச் சொல். சிற்பத்திலோ சுதை வேலையிலோ மரபு வழியில் பயில விரும்புகிறவர்களுக்கு மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசுக் கல்லூரியும் உண்டு. அதை ஏனோ நம் மலைப் பிள்ளைகள் நினைப்பதே இல்லை.

கூடலூர்க்காரன்:

ஸ்டில் லைஃப் பற்றி ஆசிரியை சொன்னதை ஏற்கிறேன்; என் அக்கா மகனிடம் சொல்லிவிட்டேன். ஆனால் எங்கள் பக்கம் படம் சரியாக இருந்தும் சான்றிதழால் இடத்தை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில், தாத்தாவின் பதிவேட்டில் ஒரு பெயர், அப்பாவின் குடும்ப அட்டையில் ஒரு பெயர், பிள்ளையின் ஆதாரில் வேறு இனிஷியல் என்று இருக்கும். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது ஓர் அலுவலகத்தில் எங்களைப் பலமுறை திருப்பி அனுப்பினார்கள். தேர்வு முடிவுகள் வந்தபின் இ-சேவை மையத்தில் கூட்டம் நெரியும். ஆகவே சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பழங்குடியினருக்கான சான்றிதழை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், கோட்டாட்சியர். விசாரணைக்குக் கூடுதல் நாள் பிடிக்கும் என்பதால் அந்தத் தோடர் தோழி இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

கேத்திவாசி ஐயா, உங்கள் மகள் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். தாளுக்கும் வண்ணத்துக்கும் அது உதவும்.

கேத்திவாசி:

அனைவருக்கும் நன்றி. பயிற்சி மையத்திற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை கேரட் கழுவும் இடத்திற்கு மகளை அழைத்துச் செல்கிறேன்; அங்கே இருப்பவர்கள் தெரிந்தவர்கள்தான். இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். தேர்வு கோடையில் வந்தால் சென்னைக்கு எப்படிப் போவது நல்லது? வரைபலகையையும் கோப்பையும் பேருந்தில் கொண்டுபோக முடியுமா?

பெரியமேடு பழைய மாணவன்:

மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் மலைப்பாதை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது என்பதால், தேர்வுக்கு முந்தைய நாள் காலையிலேயே சென்னையில் இருக்கும்படி கிளம்புங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் சென்ட்ரலில் விட்டுவிடும். அங்கிருந்து கல்லூரி நடந்துபோகும் தூரம்தான். மேல் படுக்கையாக முன்பதிவு செய்தால், பலகையை உட்புறச் சுவரோடு சாய்த்து வைத்துக்கொள்ளலாம். தாள்களைச் சுருட்டி எடுத்துவர வேண்டாம். சுருண்ட தாள் மேசையில் படுக்காது, நேர்காணலில் நான்கு மூலையையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்து, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, நாடாவால் கட்டிக் கொண்டுவாருங்கள். கரித்துண்டும் 6பி பென்சிலும் இரண்டாகவே எடுத்துவரட்டும்; தேர்வுக் கூடத்தில் ஒன்று உடையும்.